பிளஸ் டூ பெற்றோருக்கு: 'அங்காடித் தெரு' திரையிடல் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மதியம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டும் 'அங்காடித் தெரு' படத்தைப் பள்ளியில் போட்டுக் காட்டுகிறோம். பரீட்சை நெருங்கும் நேரத்தில் சினிமா எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். பரீட்சை முடிந்த கையோடு ஜவுளிக்கடைகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள் நம் தெருக்களுக்கு வந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே பிள்ளைகள் இதைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வசந்தபாலன் இயக்கி 2010-இல் வந்த படம். தென்மாவட்டத்துப் பையன் ஒருவன் பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வருகிறான். அப்பா விபத்தில் இறந்துபோக, குடும்பத்துக்காகச் சென்னை ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடைக்கு வேலைக்குப் போகிறான். சாப்பாட்டுக்கு முண்டியடிப்பு, ஒரே கூடத்தில் நெருக்கிப் படுக்கை, நாள் முழுக்க நிற்கும் கால்கள், சூப்பர்வைசரின் அடி. காதல் கதை கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குத் தெரியாத கதையில்லை இது. உங்களில் பலருடைய தம்பி தங்கைகள் தி.நகரில்தான் இருக்கிறார்கள். எல்லாரும் தீபாவளித் துணி எடுக்கும் நாட்களில் அவர்களுக்கு லீவு கிடைக்காது. கூட்டம் ஓய்ந்த பிறகுதான் ஊருக்கு வர முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயில் ஏற முடியும். போனில் சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பார்கள். எத்தனை மணிக்கு என்று நாம் கேட்பதில்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2021-இல்தான்.

வேலைக்குப் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் கடன் அடைந்த வீடுகள் நம் ஊரில் நிறைய. ஆனால் அட்வான்ஸ் கையில் வாங்கும் முன் ஒருமுறை பள்ளிக்கு வாருங்கள். வார விடுமுறை உண்டா, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா, தங்குமிடம் எப்படி என்று ஏஜென்டிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருகிறோம். அப்புறம் இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை மேலே படிக்கச் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்: பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். கல்லூரிக்கு மட்டுமில்லை, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.க்கும் உண்டு. பணமில்லை என்று படிப்பை நிறுத்துவதற்கு முன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் அடிதடி உண்டு. ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியும், கடைசியில் கோரமான விபத்தும் வருகின்றன. அதனால்தான் சின்ன வகுப்புகளுக்குக் காட்டவில்லை. படம் முடிந்ததும் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார்கள். உங்கள் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று நினைத்தால் வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரம் நூலகத்தில் இருக்கலாம்.

நீங்களும் வந்து பார்க்கலாம், குறிப்பாக அப்பாக்கள். மதியம் 1.30-க்குத் தொடங்குகிறோம். பேசி முடிக்க 5 மணி ஆகிவிடும். பஸ்ஸில் போகும் பிள்ளைகளை அழைத்துப்போக யாராவது வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்