அட்மிஷனுக்கு முன் அம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுததில் பாதிதான் புரிந்தது. மீதியை மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டேன். குட்டிக்கு மலம் இறுகிக் கட்டிவிட்டது, திங்கட்கிழமை அட்மிட் பண்ண வேண்டும் என்றார். இத்தனை வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், பயப்படாதே.

முதலில், ஜட்டியில் கறை படுத்துகிறான் என்று அவனை இனி யாரும் அதட்டக் கூடாது, உன் அத்தை உட்பட. கட்டி அடைத்து நிற்கும்போது மேலேயிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசியும். மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்கியிருப்பதால் அவனுக்கே அது தெரியாது. இதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்த மருந்து கொடுக்கிறவர்களும் உண்டு! கதவுக்குப் பின்னால் காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்கிறானே, அவன் முக்கவில்லை, வலிக்குமென்று அடக்குகிறான்.

பெக் பவுடரைத்தான் முதலில் கொடுப்பார்கள். பாலிஎதிலீன் கிளைக்கால் என்பது அதன் முழுப் பெயர். அது தண்ணீரைக் குடலிலேயே பிடித்து வைத்துக் கட்டியை ஊற வைக்கும். கட்டியை வெளியேற்ற கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள் வரை கொடுப்பது வழக்கம். அவ்வளவு கரைசலையும் அவன் குடிக்க மாட்டான். அப்போது மூக்கு வழியாக டியூப் போடுவார்கள். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மேல்வயிறு என்று டியூபை வைத்து அளந்து குறிப்பார்கள். உள்ளே போகும் அந்த ஒரு நிமிஷம் ஓங்கரிப்பான், கத்துவான். நீ கையைப் பிடித்துக்கொண்டு "முழுங்கு, முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே இரு. பிறகு உப்புச்சத்து கலந்த கரைசல் மெதுவாக ஏறும். வாந்தி வந்தாலோ வயிறு உப்பினாலோ உடனே நர்ஸிடம் சொல், வேகத்தைக் குறைப்பார்கள். கட்டியெல்லாம் போய் வெறும் தண்ணீராக வரும்வரை விட மாட்டார்கள். டயப்பரும் தேங்காய் எண்ணெயும் நிறைய எடுத்துப் போ, அடிப்பக்கம் புண்ணாகிவிடும்.

எனிமாவை டாக்டர் சொன்னால் மட்டும். பாஸ்பேட் எனிமா சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் கால்சியத்தைக் குறைத்துவிடக்கூடும். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைத்தியமெல்லாம் இனி வீட்டில் வேண்டாம். உன் அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ, அதாவது பிறந்த குழந்தையின் முதல் மலம், போனானா என்று டாக்டர் கேட்பார். குடலில் நரம்புச் செல்கள் இல்லாத ஹிர்ஷ்ப்ருங் நோய் இருக்குமோ என்று பார்க்கத்தான். முதல் நாளே போய்விட்டான் என்று சொல். துணி மாற்றியதே நான்தான்.

எனக்குக் கவலை வார்டைப் பற்றியல்ல, வீட்டுக்கு வந்த பிறகுதான். நாலு நாள் நன்றாகப் போனதும் பவுடரை நிறுத்திவிடுகிறார்கள், அதே பிள்ளை திரும்ப வார்டுக்கு வருகிறது. விரிந்த குடல் சுருங்க மாதக்கணக்காகும். குறைந்தது 2 மாதம் தினசரி கொடுக்க வேண்டும். தொந்தரவில்லாமல் ஒரு மாதமாவது போன பின், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழகிப்போய்விடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. சாப்பிட்டதும் 5 நிமிஷம் உட்கார வை, உங்கள் வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்காமல் ஒரு முக்காலி போடு. பால் டம்ளர்களைக் குறை.

ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிறேன். மாப்பிள்ளை லீவு போட வேண்டாம், ராத்திரி வார்டில் நான் இருக்கிறேன்.

அம்மா