துணிக்கடைகளில் சேரும் பழைய துணிக்குக் கணக்குக் கேட்டு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல் துறை.

பொருள்: கடைகள் வாங்கிக்கொள்ளும் பழைய துணி எங்கே போகிறது என்று கணக்குக் காட்ட உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இருபது வருடமாகத் துணி ஆல்ட்டர் செய்யும் வேலை பார்க்கிறேன். புதுத்துணி தைப்பது குறைவுதான். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, கால் நீளத்தைக் குறைப்பது, இதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கொடுத்துவிட்டுத் திரும்ப வராதவர்களின் துணிகள் என் அலமாரியில் எப்போதும் கிடக்கும். போன வருடம் அப்படி ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. பெரிய துணிக்கடை ஒன்றில் பழைய துணி போடப் பெட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, எல்லாவற்றையும் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. மூடி இல்லை, வாய்வரை நிறைந்திருந்தது. மேலாக, ஈரம் காயாத ஒரு துண்டை யாரோ போட்டிருந்தார்கள். அதன் அடியில் கிடந்த வெள்ளைச் சட்டையில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காலர் மடிப்பு கொஞ்சமும் நையவில்லை, பட்டன் ஒன்றுகூடக் குறையவில்லை. இன்னும் சில வருடம் யாராவது போட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு ஈரத்துண்டு அதைக் கந்தலாக்கிவிட்டது.

"இதெல்லாம் எங்கேம்மா போகும்?" என்று பில் போட்ட பெண்ணிடம் கேட்டேன். "வண்டி வந்து எடுத்துட்டுப் போகும் அக்கா, அப்புறம் எங்களுக்குத் தெரியாது" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூட்டையை வாங்கிக்கொண்டு ஒரு கூப்பன் கொடுத்தார். அடுத்த முறை புதுத்துணி வாங்கினால் தள்ளுபடியாம்.

கடையில் பெட்டி வைப்பது நல்ல காரியம். துணி வாங்க வருகிறவர் வீட்டில் கிடப்பதையும் கையோடு கொண்டுவந்துவிடலாம், தனியாக அலைய வேண்டியதில்லை. எச் அண்ட் எம் என்ற பெரிய வெளிநாட்டுத் துணிக்கடை நிறுவனம் 2013-லேயே தன் கடைகளில் உலக அளவில் இதைத் தொடங்கியது. பிறகு வேறு பல கடைகளும் தொடங்கின. ஆனால் பெட்டிக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்று நமக்குச் சொல்வார் இல்லை. ஐரோப்பாவில் சேஞ்சிங் மார்க்கெட்ஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு நல்ல நிலையிலிருந்த 21 துணிகளுக்குள் இடம் காட்டும் கருவியைத் தைத்து, இப்படிப்பட்ட கடைகளில் கொடுத்துப் பார்த்தது. 2023-இல் வெளியான முடிவின்படி, முக்கால்வாசித் துணிகள் அழிக்கப்பட்டன, அல்லது கிடங்குகளில் முடங்கின, அல்லது ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறின.

மறுசுழற்சி செய்துவிடுவோம் என்று எளிதாகச் சொல்கிறார்கள். பருத்தித் துணியை எந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கினால் இழை குட்டையாகிவிடும். புதுப் பஞ்சு கலக்காமல் நல்ல நூல் வராது. பருத்தியும் பாலியஸ்டரும், இழுத்தால் நீளும் லைக்ராவும் கலந்த துணி என்றால் இன்னும் கஷ்டம். அதற்கும் முன்னால் ஜிப், பட்டன், லேபிள் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். ஆடை தயாரிக்கப் பயன்படும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே மறுபடி ஆடையாகிறது என்று, பொருளை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் சொல்லும் எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் எழுதியது. மற்றபடி மறுசுழற்சி என்று நடப்பதில் பெரும்பகுதி மெத்தைக்குத் திணிப்பாகவோ எண்ணெய் துடைக்கும் துணியாகவோ முடிகிறது. எனவே அணியத் தகுந்த துணியை முதலில் அணிவதற்கே கொடுக்க வேண்டும். துணியைத் தொட்டுப் பிழைப்பவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சட்டம் போட்டால் நடக்கும் ஐயா. பிரான்சு 2007-லேயே, ஆடையைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்று சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிப்பது கட்டாயம்.

ஆகவே, பெட்டி வைக்கும் ஒவ்வொரு கடையும் சேர்ந்த துணியை எடைபோட வேண்டும் என்றும், அதில் எத்தனை கிலோ மறுபடி அணியப் போனது, எத்தனை கிலோ கிழிக்கவோ எரிக்கவோ போனது, எத்தனை கிலோ எந்த நாட்டுக்கு ஏற்றுமதியானது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டி மேலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு முக்கியம். கணக்கு இருந்தால், அந்தப் பில் போடும் பெண்ணாலும் பதில் சொல்ல முடியும். பெட்டிக்கு மூடி இருக்கட்டும், ஈரத்துணி போடக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதட்டும். தரம் பிரிக்காத மூட்டையைக் கப்பலேற்ற அனுமதிக்க வேண்டாம்.

அப்புறம் அந்தக் கூப்பன். பழையதைக் கொடுத்தவரை உடனே புதியது வாங்க வைப்பதற்குப் பதிலாக, அதே தள்ளுபடியைப் பழுதுபார்ப்பதற்குக் கொடுக்கலாமே? பிரான்சில் 2023 நவம்பர் முதல், இதற்கென உள்ள திட்டத்தில் சேர்ந்த தையல்காரரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் பழுதுபார்த்தால் கூலியில் ஒரு பகுதி கழிக்கப்படுகிறது. அப்படி வந்தால் எனக்கும் வேலை கூடும்; அதை நான் மறைக்கவில்லை.

அந்த வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கி வந்து வைத்திருக்கிறேன். இரண்டு முறை ஊறவைத்துத் துவைத்தும் புள்ளி போகவில்லை. தாங்கள் அழைத்தால் அதோடு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தையல் தொழிலாளி