கணையத்துக் கால்சியமும் மாத்திரைக் கால்சியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்சுலின் சுரப்பில் கால்சியத்தின் பங்கு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கால்சியம் இல்லாமல் இன்சுலின் வெளிவராது என்று சொன்னவர், அது எங்கே இருக்கும் கால்சியம் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அதனால் எங்கள் பக்கம் ஒரு குழப்பம். நான் அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வழக்கமாக வரும் அம்மா ஒருவர் டாக்டர் சீட்டு இல்லாமல் வந்து நின்றார். "அண்ணாச்சி, கால்சியம் மாத்திரை நாலு அட்டை குடுங்க. கணையத்துக்குக் கால்சியம் வேணுமாம்லா, சீனி இறங்குமாம்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் அதையே கேட்டார்கள். கடையில் நின்றபடி சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குக் கால்சியப் பஞ்சம் கிடையாது. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் அயனியின் செறிவு, உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். அது உள்ளே வர கதவு எப்போது திறக்கிறது என்பதுதான் கேள்வி.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் பீட்டா செல்லுக்குள் போய் எரிகிறது. அதனால் ஏடிபி, அதாவது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு, கூடுகிறது. செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாயில் ஒன்று உண்டு. ஏடிபி கூடினால் அது மூடிக்கொள்ளும். குளுக்கோஸுக்கும் இந்த வாயிலுக்கும் உள்ள தொடர்பை 1984-இல் காட்டியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட். பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் போனதும், சும்மா இருக்கையில் மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் கிடந்த மின்னழுத்தம் மேலேறும். அந்த ஏற்றத்தில்தான் கால்சியக் கதவுகள் திறக்கின்றன. வெளியே நின்ற கால்சியம் பாய்ந்து உள்ளே வர, இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு இணைந்து தம் சரக்கை ரத்தத்தில் கொட்டுகின்றன. சவ்வை ஒட்டித் தயாராக நிற்கும் பைகள் முதல் 10 நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும், மற்றவை நிதானமாகப் பின்னால் வரும். டைப் 2 நீரிழிவில் ஆரம்பத்திலேயே அடிபடுவது அந்த முதல் வேகம்.

ஆகவே கணையத்துக்கென்று கால்சியம் மாத்திரை விழுங்குவது, பாபநாசம் அணை நிரம்பிக் கிடக்க, மதகு திறக்காத வாய்க்காலுக்காக அணையில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுகிற கதை. ரத்தக் கால்சியத்தை டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் பிடித்து வைப்பது பாராதைராய்டு சுரப்பியின் வேலை. நாம் கூடுதலாகப் போட்டால் அது கணையத்துக்குப் போய்ச் சேராது. எலும்புக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு, தாராளமாகச் சாப்பிடலாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

கட்டுரையில் நான் எதிர்பார்த்து இல்லாமல் போனது இன்னொன்று. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு என்று நாங்கள் தினமும் எடுத்துக் கொடுக்கும் சுகர் மாத்திரைகள் அதே பொட்டாசியம் வாயிலைத்தான் நேராக மூடுகின்றன. குளுக்கோஸ் வந்ததா, ஏடிபி கூடியதா என்று அவை பார்ப்பதில்லை. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது சர்க்கரை தாழ்ந்து விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். இந்த மாத்திரைகளின் பிறப்பே அங்கேதான்.

நம் ஊரில் இது முக்கியம். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் விரதம் கிடப்பவர்களும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களும் சோற்றை விட்டாலும் மாத்திரையை விடுவதில்லை. வயிறு காலி, வாயில் மூடியாச்சு, கால்சியம் உள்ளே, இன்சுலின் வெளியே. அப்புறம் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும். "சாமி வந்திருக்கு" என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைத்துக்கொள்வதும் உண்டு. சீனித் தண்ணீர் கொடுத்தால் தெளிகிற ஆளை வேடிக்கை பார்ப்பது கொடுமை. நினைவு தப்பிய ஆளுக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு, அது இந்த வாயில் பக்கமே போவதில்லை.

இதே வாயிலால் நன்மையும் நடந்திருக்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வரும் குழந்தைகள் சிலருக்கு, மரபணுக் கோளாறால் அது மூட மறுக்கிறது என்று 2004-இல் தெரிந்தது. அவர்களில் பலர் இன்சுலின் ஊசியை விட்டு, வாயிலை மூடும் இந்த மாத்திரைக்கே மாறினார்கள்.

பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடும் ஒருவர், அது கால்சியக் கதவை அடைக்கும் மருந்தாமே, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம். வழக்கமான அளவில் அது வேலை செய்வது முக்கியமாக ரத்தக்குழாய்ச் சுவரில்தான்.

அடுத்த இதழில், எந்தெந்தச் சுகர் மாத்திரை இந்த வாயிலைத் தொடும், எது தொடாது என்று சிறு அட்டவணை போட்டால் வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டி வைப்பேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்