மேலாளர் பதவிக்குப் பெண்கள் வர வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நாட்டில் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில்தான் உள்ளனர் என்று பெருமை பேசும் நாம், அவர்களில் எத்தனை பேர் நிர்வாகப் பொறுப்புக்கு உயர்ந்தார்கள் என்று கேட்பதில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொல்வது நல்லதே. ஆனால், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு அதனால் ஒரு படியும் திறப்பதில்லை.

திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஓவர்லாக் மெஷினில் பல ஆண்டு பழகிய அக்கா ஒருவர், புதிதாக வந்த இளைஞருக்குத் துணி பிரிப்பது முதல் அன்றாட உற்பத்திக் கணக்கு எழுதுவது வரை பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். சில மாதங்களில் அந்த இளைஞர் சூப்பர்வைசரானார். அக்கா அவரிடமே லீவு கேட்டு நின்றார். ஷிப்மென்ட் நேரத்தில் இரவு தங்க முடியாது என்பதே அக்காவுக்கு அந்தப் பதவி தராததற்குச் சொல்லப்பட்ட காரணம், அவருடைய திறமையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் கூறியது; அதற்குப் பதிலாக 2025இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே கூறுகிறது. தொழிலாளர் துறை இதை ஆலை ஆலையாகச் சோதிப்பதுடன், சூப்பர்வைசர் பதவிக்கான தகுதிகளை எழுத்தில் அறிவிக்கவும், பதவி உயர்வு பெற்ற ஆண், பெண் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடவும் நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, திருப்பூர்