ஃபெயில்ஓவர் ஒத்திகையை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்ணப்பத்தின் கடைசி நாளிலும் தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும் பொதுமக்கள் பயன்படுத்தும் போர்ட்டல்கள் முடங்கும்போதெல்லாம், கூடுதல் சர்வர்கள் நிறுவப்படும் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. செய்தியும் அத்தோடு முடிந்துவிடுகிறது. கிளஸ்டர் முறையில் இயங்கும் பெரிய போர்ட்டல்களை நிர்வகிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இது குறித்து எழுதுகிறேன். ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும் (இதைத்தான் ஃபெயில்ஓவர் என்கிறோம்) என்பது, வேலை நேரத்தில் ஒன்றை உண்மையாகவே நிறுத்திப் பார்க்கும்வரை வெறும் நம்பிக்கை மட்டுமே. அந்தச் சோதனையைத்தான் நம் டெண்டர்கள் கட்டாயமாக்க வேண்டும்.

கிளஸ்டரில் ஒரே வேலையைப் பல சர்வர்கள் பகிர்ந்து செய்கின்றன. அவற்றின் முன்னால் நிற்கும் லோடு பேலன்சர், வருகிறவர்களைப் பிரித்து அனுப்புவதோடு, ஒவ்வொரு சர்வரும் இயங்குகிறதா என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். முகப்புப் பக்கம் திறந்தால் போதும் என்று அந்தச் சோதனையை அமைத்துவிட்டால், டேட்டாபேஸ் இணைப்புகள் அனைத்தும் தீர்ந்துபோய் ஒரு விண்ணப்பத்தைக்கூடச் சேமிக்க முடியாத சர்வரும் நலமாக இருப்பதாகவே பதில் சொல்லும். பேலன்சர் அதை நம்பி மக்களைத் தொடர்ந்து அங்கேயே அனுப்பும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பழுதான சர்வர் பிழைப் பக்கத்தை நொடியில் திருப்பித் தந்துவிடுவதால் அதன் கையில் வேலை குறைவாக இருப்பதுபோலத் தெரியும். வேலை குறைந்த சர்வருக்கு முதலில் அனுப்பு என்று அமைக்கப்பட்ட பேலன்சர், நல்ல சர்வர்களை விட்டுவிட்டு அந்தப் பழுதான சர்வருக்கே கூட்டத்தைத் திருப்பும். இதை வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டேட்டாபேஸ் இணைப்பைத் துண்டித்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

செஷனும், அதாவது ஒருவர் போர்ட்டலுக்குள் நுழைந்தது முதல் அவர் செய்தவற்றைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும் பதிவும், அப்படித்தான். இ-சேவை மையத்தில் காத்திருந்து, மூன்று பக்கங்களை நிரப்பி, கட்டணமும் செலுத்திய ஒருவரின் விவரம் ஒரே சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருந்தால், அந்தச் சர்வர் விழும் கணத்தில் அவர் மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்துவிடுவார். பணம் போயிருக்கும், ஒப்புகைச் சீட்டு இருக்காது. செஷனைச் சர்வர்களுக்கு வெளியே, பொதுவான ஓரிடத்தில் சேமித்திருந்தால் அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. கொள்ளளவுக் கணக்கும் அடிக்கடி மறக்கப்படுகிறது: இரண்டு சர்வர்களும் தலா 70 சதவீதச் சுமையில் ஓடினால், ஒன்று விழும்போது மற்றதன் தலையில் 140 சதவீதம் ஏறும். அதுவும் விழும்.

எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பதும் சரியல்ல. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் உருவாக்குநர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தில், பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பணியின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த முதன்மைத் தரவு மையத்தின் இணைப்பு 43 விநாடிகள் துண்டிக்கப்பட்டது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரை டேட்டாபேஸ்களை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் பதிவாகி மேற்குக்குப் போய்ச் சேராத தரவுகள் ஒருபுறம், மேற்கில் புதிதாகப் பதிவானவை மறுபுறம் என இரண்டும் முரண்பட்டு நின்றன. சேவை இயல்புநிலைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடங்கள் ஆயின. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் பணிபுரியும் நிறுவனத்திலேயே இது நடந்தது. எனினும் நிகழ்ந்தவை அனைத்தையும் நேர வரிசைப்படி அவர்கள் வெளியிட்டதால்தான் என் போன்றவர்கள் அதிலிருந்து பாடம் கற்க முடிந்தது.

தென்கொரியாவில் நேர்ந்தது இன்னும் கவலை தருவது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களில் தீப்பிடித்து, நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் ஒரே நேரத்தில் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் கொண்ட சேமிப்பகத்துக்கு வேறு இடத்தில் பேக்கப்பே இல்லை. அளவு பெரிது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரே கட்டடத்துக்குள் எத்தனை சர்வர்களை அடுக்கினாலும், அந்தக் கட்டடம் எரிந்தால் கிளஸ்டரும் சேர்ந்தே எரிகிறது.

நம் ஒப்பந்தங்களில் பொதுவாக 99.9 சதவீத இயக்கநேரம் கேட்கப்படுகிறது. ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 8 மணி 45 நிமிட முடக்கத்தை அனுமதிக்கிறது. அந்த நேரம் முழுவதும் விண்ணப்பத்தின் கடைசி நாளிலேயே வந்து விழுந்தாலும், ஆண்டுச் சராசரியில் ஒப்பந்ததாரர் நிபந்தனையை நிறைவேற்றியவராகவே ஆகிவிடுவார். ஆண்டுச் சராசரியை மட்டும் வைத்துப் பணம் வழங்கும் முறை மாற வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறையேனும், துறை அலுவலர் முன்னிலையில், அவர் சுட்டிக்காட்டும் ஏதாவதொரு சர்வரை நிறுத்தி, போர்ட்டல் தொடர்ந்து இயங்குகிறதா, பாதியில் இருந்த விண்ணப்பங்கள் பிழைத்தனவா என்று பார்க்க வேண்டும். எந்தச் சர்வர் என்பது ஒப்பந்ததாரருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. பேக்கப்பிலிருந்து தரவை மீட்டெடுப்பதையும் அதே நாளில் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்; மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த ஒத்திகையில் தேறிய பிறகே அந்தக் காலாண்டுக்கான தொகை வழங்கப்பட வேண்டும்.

ஒத்திகையால் சேவைக்கு இடையூறு வரும் என்று அலுவலர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. விண்ணப்பக் காலம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் பத்து நிமிடம் தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தின் காரணத்தைக் கண்டறியும் பொறியாளர்கள் அப்போது இருக்கையில் இருப்பார்கள். அதே பழுது கடைசி நாள் இரவு பதினொன்றரை மணிக்கு வந்தால் இழப்பு ஊர்ப்புறத்து மாணவருக்குத்தான். எனவே, எவ்வளவு ஒத்திகை பார்த்தும் கடைசி நாளில் முடக்கம் நேர்ந்தால், முடங்கிய நேரத்துக்கு ஈடாகக் கால அவகாசம் யாரும் மனு கொடுக்காமலே தானாக நீட்டிக்கப்பட வேண்டும் என்பதையும், பழுதுக்கான காரணம் குறித்த முழு அறிக்கை ஒரு வாரத்துக்குள் அதே போர்ட்டலில் வெளியிடப்பட வேண்டும் என்பதையும் டெண்டர் நிபந்தனைகளில் சேர்க்குமாறு சம்பந்தப்பட்ட துறைகளை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போர்ட்டல் நிர்வாகப் பணியிலுள்ள ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.