மால் மூடின பிறகு அந்த இடத்த யாருக்குக் குடுக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்கால புறநகர் மால் எல்லாம் காலியாகுதுன்னா உடனே ஆன்லைன் ஷாப்பிங் மேல பழிய போட்டுடறாங்க, எனக்கு அது பாதி உண்மையாதான் படுது. 1956ல மினசோட்டால எடைனாங்கற புறநகர்ல சவுத்டேல் மால் திறந்தாங்க, முழுக்க கூரை போட்டு ஏசி செஞ்சு கட்டின மால்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான். வடிவமைச்சவர் விக்டர் குரூயன், வியன்னால பிறந்து 1938ல நாஜிகளுக்கு பயந்து அமெரிக்கா வந்தவர். அவரோட பிளான்ல கடை மட்டும் இல்லீங்க, சுத்தி வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, பார்க், ஏரி எல்லாமே இருந்துச்சு, ஜனங்க நடந்து வந்து உக்காந்து பேசிட்டுப் போற ஒரு ஊர் மையமா அது இருக்கணும்னு ஆசைப்பட்டார். ஆனா அவரப் பாத்து நாடு முழுக்க மால் கட்டினவங்க கடையையும் பார்க்கிங்கையும் மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத விட்டுட்டாங்க, கடைசி காலத்துல மனுஷன் இதெல்லாம் என் பிள்ளையே இல்லன்னு வெறுத்துட்டார்.

இன்னொன்னு, 1954ல வரிச் சட்டத்த மாத்தி புதுக் கட்டடத்தோட தேய்மானத்த முதல் சில வருஷத்துலயே அதிகமா கணக்கு காட்டலாம்னு விட்டாங்க, இதனால வரி குறையுதேன்னு பணம் போட்டவங்க தேவைக்கு மேல மால் கட்டித் தள்ளிட்டாங்க. இன்டர்நெட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே விதைச்சது இது.

மூடின மால எப்படி உயிர்ப்பிக்கறதுன்னு பாக்கணும்னா டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின்ல பாருங்க. 1971ல திறந்த ஹைலேண்ட் மால் 2015ல மூடிடுச்சு, இப்ப அது கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர் ஜனங்க குறைஞ்ச செலவுல படிக்கற அரசு காலேஜ், ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்த இடத்துல 600க்கு மேல கம்ப்யூட்டர் போட்டு பசங்க படிக்கறாங்க! டென்னசி மாநிலத்து நாஷ்வில்ல ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் மாலோட மேல்தளம் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக கிளினிக்கா மாறிடுச்சு, கீழ கடைகளும் ஓடிச்சு. ஆனா ஒஹையோல ராண்டல் பார்க் மால இடிச்சுட்டு அமேசான் கிடங்கு கட்டிட்டாங்க. வேலை கிடைச்சுது, மறுக்கல, ஆனா அந்த ஊர் ஜனங்க சும்மா ஒரு நடை உள்ள போய்ட்டு வர முடியாதே.

பார்க்கிங் நிலம்தான் அங்க பெரிய சொத்து, அதுல வீடும் லைப்ரரியும் பஸ் ஸ்டாப்பும் வந்தா குரூயன் கேட்டது லேட்டாவாவது கிடைக்கும். உங்க பேப்பர்ல மால் மூடின செய்தி போடும்போது, அந்த இடம் அப்புறம் யார் கைக்குப் போச்சு, என்னவா ஆச்சுன்னும் தயவுசெஞ்சு எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்