மேற்கு வெயில்

பாளையங்கோட்டை

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேரனுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போய்வந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. இங்கே எல்லாரும் சுகம். வீட்டுக்காரிக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை.

தென்காசி ரோட்டில் இடம் வாங்கி லாட்ஜ் கட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் 26 வருஷம் சாவிப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறாய். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடவே, இப்போது நான் வாசித்துக்கொண்டிருக்கும், அமெரிக்காவில் ஹில்டன் ஹோட்டல்களை ஆரம்பித்த கான்ராட் ஹில்டன் கதையையும் கேள்.

அந்த மனிதர் 1919இல் டெக்சாஸில் சிஸ்கோ என்ற ஊருக்கு ஒரு பேங்கை விலைக்கு வாங்கத்தான் போயிருக்கிறார். விற்கிறவன் கடைசி நேரத்தில் விலையைக் கூட்டிவிட்டான். எரிச்சலோடு மோப்லி என்ற ஹோட்டலுக்குப் படுக்கப் போனால் அங்கே இடமில்லை. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த கூட்டம்! ஒரே கட்டிலை எட்டெட்டு மணி நேரமாகப் பிரித்து, நாளைக்கு மூன்று பேருக்கு விட்டிருக்கிறார்கள். அதன் முதலாளிக்கோ எண்ணெயில் இறங்கிச் சம்பாதிக்க ஆசை. 40,000 டாலருக்கு வியாபாரம் முடிந்தது. காலேஜ் நாளில் சீசனுக்குக் குற்றாலம் போய், ஐந்தருவியில் குளித்துவிட்டு, ரூம் கிடைக்காமல் ஈரத்துண்டோடு ஒரு கடைத் திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நமக்கும் எட்டு மணி நேரக் கட்டில் ஒன்று கிடைத்திருந்தால் கேட்ட காசைக் கொடுத்திருப்போம்.

மோப்லியை வாங்கியதும் சாப்பாட்டு ஹாலை ரூமாக மாற்றினார். வரவேற்பு மேஜையைப் பாதியாக்கி, மிச்ச இடத்தில் பேப்பர் கடை வைத்தார். 1949இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல் கைக்கு வந்தபோதும் இதே புத்திதான். லாபியில் நின்ற நாலு பெரிய தூண்கள் வெறும் அலங்காரம் என்று தெரிந்ததும், அவற்றில் கண்ணாடிப் பெட்டி வைத்து, கடைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். எங்கள் லாட்ஜில் மாடிப்படிக்குக் கீழே ஓட்டை வாளியும் கால் போன நாற்காலியும் கிடந்தன. ஜெராக்ஸ் கடைக்கு விடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். முதலாளி காதில் ஏறவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1925இல் அவர் டல்லாஸில் கட்டின ஹோட்டல்தான். மேற்குப் பக்கம் விருந்தாளிக்கு ஒரு ரூம்கூடக் கிடையாது. லிஃப்ட், அழுக்குத்துணி போடும் குழாய் எல்லாம் அந்தப் பக்கம். டெக்சாஸ் வெயில் அப்படி. நம்மூர் வெயில் மட்டும் என்ன லேசா? எங்கள் மூன்றாவது மாடியில் மேற்குப் பார்த்த ரூம் இரண்டு. அக்கினி நட்சத்திரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியாது. ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். வந்தவர்கள் தரையில் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் படுப்பார்கள். ராத்திரி வந்து விடிகாலை ரயில் பிடிக்கிறவர்களாகப் பார்த்து அந்தச் சாவியைக் கொடுப்பேன். பாவம்தான், என்ன செய்ய?

அந்த டல்லாஸ் மனையை அவர் விலைக்கு வாங்கவில்லை. 99 வருஷக் குத்தகை. இடத்தில் பணத்தை முடக்காமல் கட்டடத்தில் போட்டார். அப்படியும் நடுவில் பணம் தட்டி, மனைக்காரரே கட்டி முடிக்க வேண்டியதாயிற்று. நீ ரிட்டையர்மென்ட் பணம் மொத்தத்தையும் மனைக்கே கொடுத்துவிட்டு, கட்டடத்துக்குக் கடன் வாங்குவேன் என்கிறாயே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. 1929க்கு அப்புறம் அமெரிக்காவில் எல்லாம் படுத்தபோது கடனில் நின்ற ஹில்டனுக்கும் ஹோட்டல்கள் கைநழுவின. ஹோட்டலில் பெட்டி தூக்கும் பையன் ஒருவன் தன் சேமிப்பு 300 டாலரை அவரிடம் நீட்டும்படி ஆனது நிலைமை. அவர் மீண்டு எழுந்து, பின்னால் ஸ்டாட்லர் ஹோட்டல்களையே 1954இல் 11.1 கோடி டாலருக்கு வாங்கினார் என்பது உண்மைதான். ஆனால் கடனில் விழுந்தபோது அவர் நாற்பதுகளில் இருந்தவர். உனக்கு வயது 61, மாப்ளே.

குத்தகைக்குக் கொடுப்பாரா என்று அந்த மனைக்காரரிடம் ஒரு வார்த்தை கேள். அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. சித்திரையில் ஒரு வாரம் வா. சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் அந்த இடத்தில் போய் நின்று பார்ப்போம்.

அன்புடன்,
உன் மச்சான்